அம்மன் எடுக்காத விரல்கள்

என் வீட்டுக்காரருக்கு இடது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. நடுவிரலும் மோதிர விரலும். புதிதாகப் பார்ப்பவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். எங்கள் பழைய ஆட்களாக இருந்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மன் குத்தம்லா" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உச்சந்தலை சூடாகிவிடும். இத்தனை வயதாகியும் அந்தச் சூடு ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை. அம்மன் யாருடைய விரலையும் எடுக்கவில்லை. ஒரு மனிதர் ஒரு மெசினின் மூடியைக் கழற்றச் சொன்னார், அதனால் போன விரல்கள் அவை.

நாங்கள் மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் குறைத்த காலம் அது. எங்கள் கங்காணி முந்திக்கொண்டார். ஈப்போவுக்குப் போய் ரொட்டி சுடும் ஒரு கிடங்கை வாங்கி, தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து எங்களில் சிலரை வேலைக்குக் கூட்டிக்கொண்டார். ஊர்தான் மாறியது, அவர் மாறவில்லை. கிடங்குக்குப் பின்னால் லயம் மாதிரியே ஒரு வரிசை அறைகள் கட்டி எங்களைக் குடிவைத்தார். விடிந்ததும் எல்லோரையும் முற்றத்தில் நிற்கவைத்துத் தோட்டத்துப் பிரட்டு மாதிரியே பெயர் கூப்பிட்டு ஆள் பார்த்தார். பக்கத்தில் இருந்த மாரியம்மன் கோயிலுக்கும் அவரே தலைவரானார். வேலை கொடுத்தவரும் அவர், தங்க இடம் கொடுத்தவரும் அவர், சாமி கும்பிட வழி சொல்பவரும் அவர் என்றால், எங்களுக்கு மிச்சம் என்ன இருக்கும்?

கிடங்கில் முதலில் கையாலும் காலாலும்தான் மாவு பிசைந்தார்கள். பிறகு கங்காணி ஒரு மெசின் இறக்கினார். எங்கோ மூடிப்போன கிடங்கிலிருந்து வாங்கியது. பெரிய இரும்புத் தொட்டி, அதற்குள் வளைந்து நெளிந்த இரண்டு இரும்புக் கைகள். பின்கொட்டகையில் இருந்த எண்ணெய் எஞ்சினிலிருந்து தோல் வார் வந்து மெசினின் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் சுற்றினால் இரும்புக் கைகள் ஒன்றுக்கொன்று எதிராகப் புரண்டு மாவைப் பிசையும். முதல் நாள் நாங்கள் எல்லோரும் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். கங்காணி அதற்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்தார்.

அதைப் பொருத்திக் கொடுத்தவர் ஒரு சீனர். ஈயச் சுரங்கங்களில் எஞ்சின் வேலை பார்க்கும் பட்டறைக்காரர், எங்களோடு மலாயில் பேசுவார். அவர் என் வீட்டுக்காரரைத் தொட்டிப் பக்கத்தில் நிறுத்தி ஒவ்வொன்றாகக் காட்டினார். தொட்டிக்கு மேலே இரும்புக் கம்பிகள் வைத்த ஒரு கனமான மூடி உண்டு. தண்ணீரையும் மாவையும் கம்பிகளின் இடுக்கு வழியாகவே கொட்டலாம், ஆனால் கை நுழையாது. மூடியின் ஓரத்திலிருந்து ஒரு நீளமான கம்பி இறங்கி, வாரை நகர்த்தும் பிடியோடு சேர்ந்திருந்தது. மூடியைத் தூக்கினால் அந்தக் கம்பி பிடியைத் தள்ளும். வார் வேலை செய்யும் சக்கரத்திலிருந்து நழுவி, பக்கத்தில் சும்மா சுற்றுவதற்கென்றே இருக்கும் இன்னொரு சக்கரத்துக்குப் போய்விடும். இரும்புக் கைகள் மாவுக்குள் அப்படியே நின்றுவிடும். மூடி திறந்திருக்கும்போது அந்த மெசின் ஓடவே ஓடாது. பட்டறைக்காரர் மூடியைத் தூக்கியும் இறக்கியும் பலமுறை காட்டினார். காட்டிவிட்டுத் தன் மணிக்கட்டின் மேல் இன்னொரு கையால் வெட்டுவது போலச் செய்தார். அதற்கு எந்தப் பாஷையும் வேண்டியிருக்கவில்லை.

மெசினை ஓட்டுவது என் வீட்டுக்காரர் வேலை, கழுவுவது என் வேலை. ரொட்டித் தகரங்களையும் நான்தான் கழுவினேன். மெசினைக் கழுவும்போது வாரைச் சும்மாச் சக்கரத்துக்கு மாற்றினால் மட்டும் போதாது, முழுவதும் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகுதான் என்னைத் தொட்டிக்குள் கைவிட விடுவார். மரக் கரண்டியால் மூலை மூலையாகச் சுரண்டுவேன். காய்ந்த மாவு ஒட்டியிருந்தால் அடுத்த பிசைவில் கல் மாதிரி உதிர்ந்து ரொட்டியில் வரும். சுரண்டி, வெந்நீர் விட்டுத் துடைத்து, கடைசியில் தேங்காயெண்ணெய் தடவிய துணியால் இரும்பைத் தேய்ப்பேன், இல்லாவிட்டால் ஈப்போ மழைக்கு ஒரே இரவில் துருப்பிடித்துவிடும். பல்சக்கரங்களுக்கு எண்ணெய் விடுவதை மட்டும் அவர் யாரிடமும் விடமாட்டார். எண்ணெய் மாவில் சொட்டக்கூடாது, சக்கரமும் வறளக்கூடாது. குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுகிறவர் மாதிரி குனிந்து நின்று விடுவார். தோட்டத்தில் மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டை சீவப் பழகியவர். அந்த மனிதரைத்தான் பிறகு கவனம் கெட்டவர் என்றார்கள்.

மூடி சில மாதங்கள்தான் மெசினில் இருந்தது. கங்காணிக்கு அது பிடிக்கவில்லை. மாவு பிசையும்போது தொட்டியின் ஓரங்களில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி நடுவில் தள்ள மூடியைத் தூக்க வேண்டும். தூக்கினால் மெசின் நிற்கும். மறுபடி மூடியை இறக்கி, பிடியை இழுத்து, வாரை ஏற்றி ஓட்ட வேண்டும். ரொட்டி ஏற்றிப்போய் விற்கும் சைக்கிள்காரர்கள் வாசலில் காத்து நிற்கும்போது இது அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னடா இது, தொறந்தா நிக்குது, மூடுனா ஓடுது. நான் மெசினு வாங்குனேனா, கோழிக்கூடு வாங்குனேனா? கழட்டித் தூரப் போடு" என்றார்.

"கங்காணியாரே, சீனன் மூடி கட்டாயம் இருக்கணும்னு சொன்னானே" என்றார் என் வீட்டுக்காரர்.

"சீனனா ஒனக்குச் சோறு போடறான்? கைய கவனமா வச்சுக்கிட்டா போதும்லா. ஓடும்போதே ஓரத்தைத் தட்டிவிடு."

என் வீட்டுக்காரர் கழற்றவில்லை. கங்காணி பின்கொட்டகையில் எஞ்சின் ஓட்டுகிற ஆளைக் கூப்பிட்டுக் கழற்றவைத்தார். மூடியோடு சேர்ந்த அந்த நீளக் கம்பி மட்டும் வேலையற்று மெசினில் தொங்கியது. மூடி எங்கே போனது தெரியுமா? முன்பக்கம் கங்காணியின் வீட்டு வாசலில் ஒரு சாக்கடை ஓடியது. அவருடைய சைக்கிள் சக்கரம் அதில் இறங்கிவிடுகிறதாம். கம்பி வைத்த மூடி அதற்கு அளவெடுத்தது போலப் பொருந்திவிட்டது. என் வீட்டுக்காரரின் கையைக் காக்க வேண்டிய இரும்பு, கங்காணியின் சைக்கிள் சக்கரத்தைக் காத்துக்கொண்டு கிடந்தது. வீட்டுக்குப் போகிறவர், வருகிறவர் எல்லோரும் செருப்புக் காலோடு அதை மிதித்துப் போனார்கள். தண்ணீர் எடுக்க அந்தப் பக்கம் போகும்போது நான் அதை மிதிக்காமல் தாண்டிப் போவேன். கோபம் வரும். ஆனால் அப்போது என் கோபத்துக்கு வாய் இல்லை.

அந்த ஆண்டு எனக்குக் கடுமையான குளிர்காய்ச்சல் வந்தது. பிழைக்கமாட்டேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் எழுந்தால் திருவிழாவில் காப்புக் கட்டித் தீ மிதிக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார். நான் எழுந்துவிட்டேன். திருவிழா வந்தது. மஞ்சள் தடவிய கயிற்றைக் கோயிலில் அவருடைய வலது மணிக்கட்டில் கட்டினார்கள். காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை கவுச்சி தொடக்கூடாது, கள் தொடக்கூடாது, எல்லை தாண்டக்கூடாது. மற்றதெல்லாம் சரிதான். ஆனால் எங்கள் ரொட்டி மாவு உப்புவதற்கு ஊற்றுவதே கள்தான். அந்தக் காலத்தில் இங்கே பல கிடங்குகளில் அப்படித்தான். மாவு முழுவதும் கள் வாடையாக இருக்கும்.

என் வீட்டுக்காரர் கங்காணியிடம் போய், திருவிழா முடியும்வரை விறகு பிளக்கிறேன், மெசினுக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்று கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன். கங்காணி நெற்றி நிறைய திருநீறோடு கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"திருநாளு சமயத்துல ரொட்டிக்கு ஆளு எப்படி வருது பாத்தல்ல? இப்பப் போயி மெசினுக்குப் புது ஆளப் போடறதா? சூசாலா" என்றார். சூசா என்றால் மலாயில் கஷ்டம்.

"காப்போட கள்ளு மாவ எப்படிங்க தொடறது?" என்றார் இவர்.

கங்காணி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "காப்பு எந்தக் கையில? வலது கையில. அந்தக் கைய மாவுல படாம வச்சுக்க. எடது கையால தொடு. ஒரு குத்தமும் இல்ல. நான் சொல்றேன்லா, கோயில் தலைவரு."

கோயில் தலைவர் சொன்னால் சொன்னதுதான். என் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு வந்தார். எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய சங்கடம் இது. அதற்குக் கங்காணி சொன்ன வழியும் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மரக் கரண்டியால் ஓரத்தைத் தட்டப் பழகிய வலது கையை மார்போடு மடக்கி வைத்துக்கொண்டு, எதற்கும் பழகாத இடது கையை ஓடுகிற மெசினுக்குள் விட வேண்டும். கரண்டியை இடது கையில் பிடித்துப் பார்த்தார், அது வழுக்கி மாவுக்குள் விழப் போயிற்று. அதற்குப் பிறகு வெறும் கையாலேயே ஓரத்தைத் தட்டினார்.

அன்று மத்தியானம் நான் முற்றத்தில் தகரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மெசின் சத்தம் எனக்குப் பழகிய சத்தம், ஓடுவதே காதில் விழாது. திடீரென்று அது மாறியது. எதையோ மென்று விழுங்க முடியாமல் திணறுகிற சத்தம். பிறகு அவர் குரல். ஓடிப்போனபோது அவர் தொட்டியின் மேல் கவிழ்ந்து கிடந்தார். வாரை நகர்த்தும் பிடி மெசினின் அந்தப் பக்கம் இருந்தது, அவருக்கு எட்டவில்லை. நான் சுற்றிப்போய் அதன்மேல் முழு உடம்பையும் போட்டுத் தள்ளினேன். வார் நழுவியது. எல்லாம் நின்றது. மாவு சிவந்திருந்தது. அவர் வலது கை அப்போதும் மார்போடு மடங்கியே இருந்தது. அந்த வலியிலும் காப்பு மாவில் படாமல் பார்த்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர். அதை நினைத்தால் இன்றும் எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வருகிறது.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டுக் கட்டுப்போட்டார்கள். நான் அறைக்குத் திரும்புவதற்குள் கங்காணி கதையைக் கட்டி முடித்திருந்தார். காப்புக் கயிறு மெசினில் சிக்கிக் கையை உள்ளே இழுத்துவிட்டதாம். கோயிலில் கூடியிருந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டுத் தலையாட்டி உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நேரே கூட்டத்துக்குள் போனேன்.

"காப்பு எந்தக் கையில கட்டுனீங்க?" என்று பூசாரியைக் கேட்டேன்.

"வலது கையிலதான் தாயி. ஆம்பளைக்கு வலது கைதானே" என்றார் அவர்.

"போனது எடது கை வெரலு. கயிறு இன்னும் அறுவாம வலது கையில அப்படியே இருக்கு, போயிப் பாருங்க. வலது கையில இருக்கற கயிறு எடது கைய எப்படிங்க இழுக்கும்?"

எல்லோரும் கங்காணியைத் திரும்பிப் பார்த்தார்கள். சரி, உண்மை நின்றுவிட்டது என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! கங்காணி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்படின்னா கயிறு இல்ல. காப்போட கள்ளத் தொட்டான்ல, அந்தக் குத்தம். ஆத்தா சும்மா விடுவாளா?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். முதல் கதைக்கு ஆட்டிய அதே தலைகள்.

"தொடச் சொன்னது நீங்கதானே!" என்று கத்தினேன்.

"பாத்தியா, கோயிலுக்குள்ள வந்து எப்படிச் சத்தம் போடறான்னு. இவளுக்காகத்தான் அவன் வேண்டிக்கிட்டான். இவ எழுந்து நடக்கறா, அவன் கையில்லாமக் கெடக்கறான்" என்றார் கங்காணி. இரண்டு பெண்கள் என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்கள். கயிறு போய், கள் வந்து, கள் போய், நான் வந்துவிட்டேன். அந்த மூடி மட்டும் யார் வாயிலும் வரவில்லை. சாக்கடைமேல் கிடந்த அதை மிதித்துக்கொண்டுதான் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

இவர்கள் எல்லோரும் என்ன சொன்னாலும் நான் தாங்கியிருப்பேன். என்னால் தாங்க முடியாதது, என் வீட்டுக்காரரே அதை நம்பியதுதான். தீமிதி நாளில் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். விரல் போனதற்கு அழவில்லை, வேண்டுதல் தவறிப்போனதற்கு அழுதார். அறைக்கு வந்த பிறகும் மூலையில் உட்கார்ந்து, "தாயே, தெரியாமத் தொட்டுட்டேன், மன்னிச்சுக்க" என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுவார். என்னை நிமிர்ந்து பார்க்கவே கூச்சப்பட்டார், நான் மறுபடி காய்ச்சலில் விழுந்துவிடுவேனோ என்ற பயம் வேறு.

கங்காணி பழங்களோடு பார்க்க வந்தார். அவர் கொண்டுவந்த பரிகாரம் பழத்தைவிடப் பெரியது. அடுத்த பௌர்ணமிக்கு என் வீட்டுக்காரர் தீச்சட்டி எடுக்க வேண்டுமாம். எரிகிற சட்டியை வேப்பிலை மட்டும் வைத்து இரண்டு கைகளிலும் ஏந்திக் கோயிலைச் சுற்றி வர வேண்டும். சட்டியும் விறகும் கோயில் செலவாம். "எந்தக் கை குத்தம் செஞ்சுச்சோ அந்தக் கையாலயே ஏந்து. ஆத்தா குளுந்துருவா" என்றார். என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட முயன்றார், கட்டுப்போட்ட கை சேரவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும் டிரசரிடம் நான் இதைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். புண் இன்னும் மூடவில்லை, சூடு பட்டால் அழுகும், அழுகினால் மணிக்கட்டோடு எடுக்க வேண்டியிருக்கும் என்றார். என் வீட்டுக்காரரிடம் அதையே சொன்னேன். "அவ பாத்துக்குவா புள்ள" என்றார். மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு ஒருவேளைச் சாப்பாட்டோடு மறுபடி விரதம் தொடங்கிவிட்டார். பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது. கெஞ்சினேன், திட்டினேன், சட்டியை உடைப்பேன் என்று மிரட்டினேன். குற்றம் தன்னுடையது என்று நினைக்கும்வரை அவர் அந்த நெருப்பைக் கீழே வைக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இதற்கிடையில் மெசினுக்குப் புது ஆள் வந்திருந்தார். எங்கள் பழைய தோட்டத்திலிருந்து வந்தவர், புதிதாகக் கல்யாணம் ஆனவர். மூடி இல்லாத அதே தொட்டிக்குள் அதே மாதிரி கைவிட்டு ஓரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். கங்காணி அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான் போட்டிருந்தார்: காப்புக் கட்டினவன் மெசினைத் தொடக்கூடாது. எல்லாம் சரிசெய்தாகிவிட்டது என்று அவர் மனசில் நினைப்பு.

பல்சக்கரத்தில் ஒரு பல் விரல் போன அன்றைக்கே விரிசல் விட்டிருந்தது. அது ஒருநாள் உடைந்து மெசின் நின்றது. பட்டறைச் சீனர் வந்தார். புதுச் சக்கரம் மாட்டி முடித்து நிமிர்ந்தவர், வெறுமனே தொங்கிய கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"தூத்துப் மானா?" என்றார். மூடி எங்கே என்று கேட்டார். அத்தனை நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே வாய் அதுதான். புது ஆள் விழித்தார். கங்காணி கோயிலுக்குப் போயிருந்தார். நான் கையிலிருந்த தகரத்தைக் கீழே போட்டுவிட்டு நடந்தேன்.

கங்காணி வீட்டு வாசலில் போய்க் குனிந்து இரண்டு கையாலும் மூடியைப் பிடித்து இழுத்தேன். மண்ணும் சகதியும் ஏறி இறுகிக் கிடந்தது. கங்காணியின் மனைவி உள்ளே இருந்து, "ஏய், என்னடி பண்ற? சைக்கிள் விழும்லா!" என்றார். "விழட்டும்" என்றேன். அசைத்து அசைத்துப் பிடுங்கித் தலைமேல் தூக்கிக்கொண்டேன். சாக்கடைத் தண்ணீர் முகத்தில் வழிந்தது. தெருவே நின்று பார்த்தது. காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவந்து பார்த்தார்கள். எனக்கு வெட்கமே இல்லை. வெட்கப்பட வேண்டியவர் வேறொருவர்.

வெந்நீர் ஊற்றி, தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். பட்டறைக்காரர் துருவைத் தட்டி, எண்ணெய் விட்டு, மூடியைப் பழைய இடத்தில் பூட்டிக் கம்பியை மாட்டினார். நான் அறைக்கு ஓடி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. அந்த மெசினை மறுபடி பார்க்கமாட்டேன் என்றார். வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தேன். இதற்குள் சேதி போய்ச் சேர்ந்து கங்காணியும் வேகமாக வந்து நின்றார். மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சீனர் இருந்ததால் கத்தவில்லை.

புது ஆள் மாவும் தண்ணீரும் விட்டு மெசினை ஓட்டினார். இரும்புக் கைகள் கம்பிகளுக்குக் கீழே புரண்டன.

"அன்னைக்கு விட்ட மாதிரி கைய விடுங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"என்ன புள்ள பேசற?"

"விடுங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

அவர் தயங்கித் தயங்கி வலது கையை நீட்டினார். விரல் நுனி கம்பிக்கு நடுவில் நுழைந்தது, விரல் முட்டி தடுத்தது. கையைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில், மாவு ஒட்டுகிற அந்த மூலையில் பார்த்தார். எங்கேயும் போகவில்லை. பிறகு மூடியின் விளிம்பைப் பிடித்து மெதுவாகத் தூக்கினார். நீளக் கம்பி பிடியைத் தள்ளியது, வார் நழுவியது, இரும்புக் கைகள் மாவுக்குள் நின்றுவிட்டன. மூடினார். புது ஆள் பிடியை இழுத்து ஓட்டினார். மறுபடி தூக்கினார், மறுபடி நின்றது. இப்படியே செய்துகொண்டிருந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவருடைய முகத்தில் ஏதோ இறுகிக்கொண்டே வந்தது. அப்படி ஒரு முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கே பயமாக இருந்தது.

கங்காணிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "எல்லாம் ஆத்தா சித்தம்லா. எது எப்ப நடக்கணுமோ அப்பத்தான் நடக்கும். விடு, பௌர்ணமிக்குச் சட்டிய எடுத்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்றார்.

என் வீட்டுக்காரர் மூடியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார். கங்காணி முன்னால் நிற்கும்போது தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைப்பது தோட்டத்திலிருந்து அவருக்கு வழக்கம். அன்றைக்குத் துண்டு தோளிலேயே இருந்தது.

"ஆத்தா மேல போடாதீங்க கங்காணியாரே" என்றார். குரல் உயரவே இல்லை. "மூடிய கழட்டச் சொன்னது நீங்க. எடது கையால தொடச் சொன்னதும் நீங்க. இத்தனை நாளும் நான் அவகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கேன். நீங்க எங்கிட்ட கேக்கணும்லா."

கங்காணி பட்டறைக்காரரிடம் ஏதோ சக்கரத்தைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். அவர் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் காத்து நின்றார். உண்மையிலேயே காத்து நின்றார், ஒரு வார்த்தை வரும் என்று. பிறகு அறைக்கு வந்து, பசிக்கிறது, சோறு போடு என்றார். மஞ்சள் வேட்டியை அவிழ்த்துத் துவைத்துப் போட்டேன். பௌர்ணமிக்கு அவர் தீச்சட்டி எடுக்கவில்லை. புண் ஆறியது, மிச்சக் கை தப்பியது.

அந்தக் கிடங்கில் அதற்குப் பிறகு நாங்கள் அதிக நாள் இல்லை. பாரிட் புந்தார் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டோம். கங்காணி மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்காமலேயே செத்தும் போனார். சேதி வந்ததும் என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாவு வீட்டுக்குக் கிளம்பினார். நான் போகவில்லை.